பூங்கொத்தை வாசலில் வைக்கவும்

என் அப்பாவை நான் ஒருமுறை கொன்றிருக்கிறேன். கத்தி, விஷம் என்று பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. காலை டீயைக் குடித்துக்கொண்டே செல்போனை நாலு தடவை தொட்டேன், அவ்வளவுதான். பதினோரு மணிக்குள் காரியம் முடிந்துவிட்டது.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் புதுச்சேரியில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது போனேன். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன், மறுநாளே சென்னைக்குத் திரும்பிவிட்டேன். அவரை டி.ஆர்.பட்டினத்து வீட்டுக்கு அழைத்துவந்து மூன்று வாரம் ஆகியும் போகவில்லை. ‘லீவு குடுக்க மாட்டேங்கறாங்கம்மா’ என்று அம்மாவிடம் மூன்று முறை சொன்னேன். மேனேஜரிடம் கேட்டது ஒரு முறை. அவர் ‘ம்ம்’ என்றார். அந்த ‘ம்ம்’முக்கு நானே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன். (ஆடிட் மாதம், நான் இல்லாவிட்டால் கம்பெனி படுத்துவிடும் என்று வேறு நினைப்பு. கம்பெனி இன்றுவரை நன்றாக நிற்கிறது.)

மனசு உறுத்தியது. உறுத்தினால் பஸ் ஏறவேண்டியதுதானே? நான் செல்போனை எடுத்தேன். காரைக்கால் சுற்றுவட்டாரத்தில் அன்றைக்கே பூங்கொத்து கொண்டுபோய்க் கொடுப்போம் என்று ஒரு இணையதளம். படத்தில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி இளஞ்சிவப்பு ரோஜாக்களை முகர்ந்துகொண்டிருந்தாள். அம்மாவை அந்த இடத்தில் வைத்துப் பார்த்து நெகிழ்ந்துபோய் ஆர்டர் போட்டேன். ‘சீக்கிரம் குணமாகி எழுந்து வாங்கப்பா’ என்று அட்டையில் அச்சடிக்கச் சொன்னேன்.

கால் மணி நேரத்தில் ஊர்ப் பூக்கடைக்காரர் கூப்பிட்டார். பெயர் செல்வமணி என்றார்.

“மேடம், படத்துல இருக்கற பூவு இங்க வராதுங்க. நம்மகிட்ட சம்பங்கி, சாமந்தி, ரோஸ் இருக்கு. நல்லா பெருசா கட்டிக் குடுத்துடறேன்.”

“பெருசாவே கட்டுங்க.”

“நிக்கற மாதிரிங்களா, படுக்க வெக்கிற மாதிரிங்களா?”

“நிக்கற மாதிரி.”

“யாருக்குங்க?”

“எங்க அப்பாவுக்கு. ஆபரேஷன் ஆச்சு.”

அவர் குரல் சட்டென்று தணிந்தது. “அடடா. பேரு போடணுங்களா மேடம்?”

“வேணாம். யாரு அனுப்புனதுன்னு சொல்லவே கூடாது.”

“குடும்பத்துல பேச்சுவார்த்தை இல்லைங்களா?”

“அதெல்லாம் இல்லைங்க. சும்மாதான், அட்டையப் பாத்தா அவருக்கே புரிஞ்சுடும். பெல் அடிக்காதீங்க. சத்தம் போடாம வாசல்ல வெச்சிட்டு வந்துடுங்க.”

“நாங்க என்னைக்குங்க சத்தம் போட்டிருக்கோம்? நீங்க தைரியமா இருங்க,” என்றார்.

எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று வியந்தேன். பதினோரு மணிக்கு அப்பா மாத்திரை போட்டுத் தூங்குவார், பெல் அடித்தால் எழுந்துவிடுவார் என்பதையெல்லாம் யோசித்துத்தான் அப்படிச் சொன்னேன். யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். செல்வமணியின் குட்டியானை வண்டி எங்கள் ஊர்த் தெருவுக்குள் எப்போது வரும் என்பது. கல்யாணக் காரை அலங்காரத்துக்கு அவர் கடைக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். செத்தவர்களை அப்படிக் கொண்டுபோக முடியாது. எனவே அவர் வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்தால் ஒரே ஒரு காரணம்தான். பதினெட்டு வருஷம் அந்த ஊரில் வளர்ந்தவள் நான். எனக்கே தெரியாமல்போனதுதான் கொடுமை.

இனி நடந்ததை அம்மாவும் எதிர்வீட்டு ஹபீபா அக்காவும் சொல்லக் கேட்டதுதான்.

வண்டி முனை டீக்கடையில் நின்றது. “ஆபரேசன் பண்ணிட்டு வந்தாரே தங்கராசு சாரு, அவரு வீடு எதுங்க?” என்று செல்வமணி கேட்டார். டீ மாஸ்டர் கையை நீட்டிக் காட்டிவிட்டு அடுப்பை அணைத்தார். ஐந்தடி உயரத்தில் மூங்கில் காலில் நின்ற வெள்ளைச் சம்பங்கி வளையம் எங்கள் கேட்டில் சாத்தப்பட்டது. செல்வமணி சொன்னபடி சத்தமே போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் கைகட்டி நின்றுவிட்டுப் போனாராம். ரசீதுக்காக ஒரு போட்டோவும் எடுத்திருக்கிறார். காரைக்காலில் அச்சடித்து உறையில் ஒட்டி வந்த அட்டை, பிரிக்கப்படாமலே சாமந்திக்குள் எங்கேயோ சொருகியிருந்தது. அந்த மாதிரிப் பூவில் அட்டையைத் தேடி யார் படிப்பார்கள்?

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஹபீபா அக்கா பார்த்தார். “இன்னாலில்லாஹி” என்று தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கினார். சாவு வீட்டில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்களே என்று பிளாஸ்க் நிறையக் காபி போட்டார். பள்ளிவாசல் பக்கம் ஆள் விட்டு நாற்காலி வரவழைத்தார். வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்காததால், பாவம் மயக்கமாகிக் கிடக்கிறாள்போல என்று அம்மாவுக்காகவும் சேர்த்து அழுதாராம். அம்மா அப்போது கொல்லையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அரை மணி நேரத்தில் வாசலில் நாற்பது பேர். உள்ளே யாருக்கும் எதுவும் தெரியாது. சித்தப்பா மகன் செந்தில் ரொம்பப் பொறுப்பானவன். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, குடும்ப வாட்ஸப் குரூப்பில் அப்பாவின் போட்டோவுக்குக் கீழே ‘கண்ணீர் அஞ்சலி’ என்றும் போட்டுவிட்டான். (எந்தப் போட்டோ தெரியுமா, என் கல்யாணத்தில் அப்பா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் போட்டோ. வேறு கிடைக்கவில்லையாம்.)

பட்டினச்சேரியிலிருந்து வாடிக்கையாக மீன் கொண்டுவரும் அஞ்சம்மா அந்த நேரம் பார்த்துக் கூடையோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், கூடையை இறக்கிவைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டார். “சங்கரா மீனு கேட்டியே அப்பு, கொண்டாந்திருக்கேனே, எந்திரிச்சு வந்து வாங்கிக்க அப்பு...”

அப்பா எழுந்து வந்துவிட்டார்.

நெஞ்சில் பெல்ட்டு, இடுப்பில் லுங்கி, தையலுக்கு அணைவாக ஒரு தலையணை. கதவைத் திறந்தவர் நாற்காலிகளைப் பார்த்தார். வாசலில் இறங்கிக்கொண்டிருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

“யாரு தவறிட்டாங்க?”

ஹபீபா அக்காதான் சொன்னாராம். “நீங்கதாண்ணே.”

இந்த நேரத்தில் நான் சென்னையில் ஆடிட் மீட்டிங்கில் இருந்தேன். செல்போனில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்திருந்தன. ஒன்று, உங்கள் பூங்கொத்து சேர்ந்துவிட்டது. இரண்டாவது, கண்ணீர் அஞ்சலி. முதலாவதில் இருந்த போட்டோவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மேஜையிலேயே தலையைச் சாய்த்து அழுதேன். மேனேஜர் பதறிப்போய், “உடனே கிளம்பும்மா, அஞ்சு நாள் எடுத்துக்கோ, ஆபீஸ் காரையே எடுத்துட்டுப் போ” என்றார். மூன்று வாரமாகக் கிடைக்காத லீவு மூன்று நிமிஷத்தில் கிடைத்தது.

வழியெல்லாம் அம்மாவுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். செந்தில் எடுக்கவில்லை. ஹபீபா அக்கா ஒரே ஒருமுறை எடுத்தார். “நீ மொதல்ல வாம்மா, வந்து பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டார். உடலை எடுப்பதற்குள் போய்ச் சேரவேண்டுமே என்று டிரைவரை விரட்டினேன். கடலூர் தாண்டும்போது ஒரு யோசனை வந்தது. எப்படியும் பூங்கொத்து முதலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பா கடைசியாகப் பார்த்தது நான் அனுப்பிய பூவாகத்தான் இருக்கும். அந்த நிம்மதியோடு போயிருப்பார். இப்படி நினைத்து, வெட்கமில்லாமல், கொஞ்சம் ஆறுதல்கூட அடைந்தேன். சீர்காழியில் காரை நிறுத்தி ஆள் உயர ரோஜா மாலை ஒன்று வாங்கினேன்.

ஊர் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆபீஸ் காரைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். தெருவில் கூட்டமே இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது, எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, “அப்பா” என்று கதறிக்கொண்டே உள்ளே ஓடினேன்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். கழுத்தை லேசாகத் தாழ்த்தினார்.

“கொண்டாந்ததுதான் கொண்டாந்துட்ட. போடு.”

அம்மா பாய்ந்துவந்து மாலையைப் பிடுங்கிக் கொல்லையில் வீசினாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். செத்துப்போனவர் கிடைத்துவிட்டார் என்ற சந்தோஷம் முதலில் வரவில்லை. கோபம்தான் வந்தது. “ஏம்மா, ஒரு போன் பண்ணிச் சொல்லக்கூடாதா? செந்தில் எருமைக்குக் கூடவா கை இல்ல?”

“நான் பண்ணப்போனேன்டி. ஒங்கப்பாதான் வேணாம்னுட்டாரு.”

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா திண்டிவனத்துலயே திரும்பிடுவ. அதான்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். உப்புக் கொஞ்சம் கம்மி என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“லீவு குடுத்துட்டாங்களா?” என்றார் கொஞ்சம் கழித்து.

“குடுத்தாங்கப்பா.”

“எத்தன நாளு?”

“அஞ்சு.”

“பரவால்ல,” என்றார். “மூணு வாரமா வாசலையே பாத்துட்டுக் கெடந்தேன் புள்ள.”

பூவை அனுப்பிய பாவி யார் என்று அம்மா சபித்துக்கொண்டிருந்தாள். நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். காலையிலிருந்து ஊரில் பாதிப்பேர்மீது சந்தேகப்பட்டிருந்த அம்மா, விளக்குமாற்றைத் தேடிக்கொண்டு போனாள்.

அப்போது மேனேஜர் கூப்பிட்டார். சார், ஒரு தவறு நடந்துவிட்டது, அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொல்லவேண்டும். சொன்னால் நாளைக் காலை ஆபீஸில் இருக்கவேண்டும். ஆடிட் அப்படி. அப்பா இடியாப்பத்தை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் முடிஞ்சுதாம்மா?” என்றார் மேனேஜர்.

“முடிஞ்சுது சார்,” என்றேன்.

அப்பா திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு இடியாப்பம் கேட்டார். காலையில் செய்ததாவது தெரியாமல் செய்தது. இரண்டாவது முறை அவர் எதிரிலேயே, தெரிந்தே கொன்றேன். அந்த ஐந்து நாளும் அஞ்சம்மா தினம் மீன் கொண்டுவந்தார். அப்பாவும் நானும் சேர்ந்தாற்போல் அத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தது அதற்கு முன்னால் எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை.

அதன்பிறகு அப்பா நாலு வருஷம் இருந்தார். ஆபீஸைப் பொறுத்தவரை அவர் காரியம் முடிந்த ஆள். அப்பாவுக்கு முடியவில்லை என்று அரை நாள்கூடக் கேட்க வழியில்லை. வேலை நேரத்தில் அவர் போன் வந்தால் யார் என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள். ‘பெரியப்பா’ என்பேன். அப்பாவுக்கு அது தெரிந்துபோய், “என்னம்மா, பெரியப்பா பேசறேன்” என்றே ஆரம்பிப்பார்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை செந்தில் கூப்பிட்டான். குரூப்பில் எதுவும் போடவில்லை. “இந்த வாட்டி நெசம்க்கா,” என்றான்.

அதே மேனேஜர். அதே மேஜை. “சார், பெரியப்பா தவறிட்டாங்க.”

“அடடா,” என்றார். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, “பெரியப்பாதானே, ரெண்டு நாள் போதும்லம்மா?” என்றார்.

“போதும் சார்,” என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலையே போனாலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில், உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது எங்கள் வீட்டில் யார் லீவு என்று வாயைத் திறந்தாலும் இந்தக் கதை ஆரம்பித்துவிடும். செந்தில் ஐஸ் பெட்டியை நடித்தே காட்டுவான். ஹபீபா அக்கா ‘நீங்கதாண்ணே’வைத் தன் வாயால் சொன்னால்தான் சிரிப்பு வரும் என்பதால் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். அம்மா மட்டும் அதிகம் பேச மாட்டாள். போன வாரம் போன் செய்தாள்.

“ஒன் பெரியப்பாவுக்கு வருஷ திதி வருது,” என்றாள். “ரெண்டு நாள் போதும்ல?”