பெற்றோர் உதவலாம்

இந்தியாவின் அறிவியல் எதிர்காலம் ஆய்வுக்கூடங்களில் உருவாகிறது என்று நினைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். அது சிதம்பரம் கீழ வீதியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம், தெர்மாகோல் தூள் பறக்கும் ஓர் அறையில் உருவாகிறது. நாளிதழ் நிருபர் என்ற முறையில் நான் அதை நேரில் கண்டு இருமியவன்.

அந்த அறைக்கு ‘சபாபதி பிராஜக்ட் சென்டர்’ என்று பெயர். எரிமலை, காற்றாலை, மழைநீர் சேகரிப்பு, சூரியக் குடும்பம் எல்லாம் அங்கே தயாராக இருக்கும். விலைக்கும் உண்டு, வாடகைக்கும் உண்டு. சூரியக் குடும்பத்தில் ஒரு கிரகம் குறைகிறதே என்று நான் கேட்டபோது சபாபதி அமைதியாகச் சொன்னார்: “போன மாசம் வாடகைக்குப் போனப்ப உருண்டு வுழுந்துடுச்சு சார். அதுக்கப்புறம் மூணு ஸ்கூலுக்குப் போயி பரிசு வாங்கியாந்துச்சு. ஒருத்தரும் எண்ணல.”

அந்த ஆண்டு என் எதிர்வீட்டுக்காரர் அன்பரசுவின் கைக்கு மகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘அறிவியல் கண்காட்சிக்கான படைப்பை மாணவர்கள் சுயமாகச் செய்ய வேண்டும். பெற்றோர் உதவலாம். முதலிடம் பெறுபவர் கடலூரில் நடைபெறும் மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பப்படுவார்.’ இதன் முதல் வாக்கியத்தைப் படித்த பெற்றோர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

அன்பரசு தனியார் வங்கி ஒன்றில் கடன் பிரிவு அதிகாரி. அவர் வீட்டில் பேசுவதைக் கேட்க நான் எந்த முயற்சியும் எடுக்க வேண்டியதில்லை. தெருவே கேட்கும். அவர் மகள் சிந்துஜா ஏழாம் வகுப்பு. நல்ல பெண்தான். ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது: அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. எறும்புக்கு எந்த இனிப்பு அதிகம் பிடிக்கும்? அதற்காக நான்கு பாட்டில் மூடிகளில் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, அப்பா காப்பியில் போட்டுக்கொள்ளும் சர்க்கரை இல்லாத இனிப்பு மாத்திரை ஆகியவற்றை வைத்துச் சமையலறை மூலையில் உட்கார்ந்துவிட்டாள். கடலூருக்குப் போய், கேட்பவர்களுக்கெல்லாம் இதை விளக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

“எறும்பா?” என்று அன்பரசு அலறியது கேட்டது. “அத சாக்பீஸ் போட்டு வெரட்டிக்கினு கெடக்குறோம். நீ கூப்ட்டு விருந்து வைக்கிறியா?”

“அப்பா, மாத்திரைய ஒரு எறும்புகூட தொடலப்பா!”

“தொடலன்னா அதுல என்னா அறிவியல் இருக்குது? ஒண்ணுமே நடக்கலியே!”

சிந்துஜாவின் அம்மா பிரிசில்லா, “அவ பிராஜக்ட்ட அவளே செய்யட்டுமேங்க” என்றார்.

“நீ சும்மா இரு பிரிசி. போன வருஷம் எங்க ஆபீஸ் கலைமணி மவன் காத்தாலைய வச்சு மொத பரிசு. கலைமணி இன்னும் ஆபீஸ்ல அந்த போட்டோவ காட்டிக்கினு இருக்கான். நான் போயி எறும்பக் காட்டவா?”

ஒரு தகப்பனின் மானத்துக்கும் நான்கு மூடிகளுக்கும் இடையே நடந்த போராட்டத்தில் மூடிகள் தோற்றன. அன்பரசு மகளை அழைத்துக்கொண்டு கீழ வீதிக்குப் போனார். செய்தி சேகரிக்க நானும் போனேன்.

“மச்சான், நீ எரிமலைய எடுத்துக்க” என்றார் சபாபதி. அவரும் அன்பரசுவும் ஒன்றாகப் படித்தவர்கள். “மத்தவன் சோடா மாவுல வினிகர ஊத்துவான். பொசுக்குன்னு பொங்கி நின்னுடும். நம்மளுது வெல்லப்பாகு, செவப்பு கலரு, உள்ள மோட்டாரு. நாள் முழுக்க வழிஞ்சுக்கினே இருக்கும்.”

“அங்கிள், வெல்லப்பாகுன்னா எறும்பு வரும்” என்றாள் சிந்துஜா.

“எரிமலைக்கு எறும்பு வராது பாப்பா. சூடு தாங்காது.”

“இது தெர்மாகோல் அங்கிள்.”

சபாபதி அன்பரசுவைத் தனியே அழைத்தார். “மச்சான், பாப்பா ரொம்ப யோசிக்குது. நடுவர் முன்னாடி வாயத் தொறக்காம பாத்துக்க.”

அதன்பின் அந்தக் குடும்பம் அறிவியலுக்காக உழைத்ததை நான் மறக்க முடியாது. அன்பரசு விடுப்பு எடுத்து மலைக்கு வண்ணம் அடித்தார். பிரிசில்லா அழகான கையெழுத்தில் ‘என் சொந்த முயற்சி’ என்று சார்ட்டில் எழுதினார். சிந்துஜாவுக்கும் முக்கியமான பணி ஒன்று தரப்பட்டது. பெவிகால் டப்பாவின் மூடியை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கண்காட்சி நாள் வந்தது. அறிவியல் ஆசிரியை லோகநாயகி படைப்புகளை மதிப்பிட மூன்று அளவுகோல்களை வகுத்திருந்தார்: எரிய வேண்டும், சுற்ற வேண்டும், சத்தம் போட வேண்டும். நடுவராக ஓய்வு பெற்ற வட்டாட்சியர் உத்திராபதி வந்திருந்தார். வரலாறு படித்தவர் என்பதால் அறிவியலில் எந்தப் பக்கமும் சாயமாட்டார் என்ற நம்பிக்கை பள்ளிக்கு இருந்தது.

எரிமலை பிரமாதமாக வழிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, மோட்டார் சுற்றியது, உறுமலும் கேட்டது. மேசைக்குக் கீழே, யார் கண்ணிலும் படக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில், சிந்துஜாவின் நான்கு மூடிகள் இருந்தன. நடுவர் வரும் நேரம் பார்த்துச் சுவரின் விரிசலிலிருந்து எறும்புகள் புறப்பட்டன. மூடிகளை எட்டிப் பார்த்தன. வெல்லத்தைக் கொஞ்சம் சுவைத்தன. பிறகு மேலே அதே பொருள் ஆறாக ஓடுவதை உணர்ந்து, மேசைக் கால் வழியாகப் படையெடுத்தன. சற்று நேரத்தில் மலை கறுத்தது.

உத்திராபதி குனிந்தார். “இதென்ன, கறுப்பா?”

“சாம்பல் சார்!” என்றார், பராமரிப்புக்காக உடன் வந்திருந்த சபாபதி.

“சாம்பல் மேல ஏறுதே?”

“எரிமலைச் சாம்பல் மேலதான் சார் ஏறும்.”

நடுவர் திருப்தியுடன் தலையசைத்து, ஒரு விரலால் மலையைத் தொட்டார். “ஆ! சுருக்குன்னுதே!”

“லாவா சார்.”

“அடடா, எவ்ளோ தத்ரூபம்!” என்று விரலை உதறினார் உத்திராபதி.

அப்போதுதான் அந்த அசம்பாவிதம் நடந்தது. மாணவி பேசினாள்.

“சார், அது எறும்பு. பாகுக்கு வந்துது. சர்க்கரையவிட வெல்லத்துக்குத்தான் ஜாஸ்தி வரும், மாத்திரைக்கு வரவே வராது. கீழ பாருங்க சார், நான் வச்சிருக்கேன்.”

அன்பரசு கண்ணை மூடிக்கொண்டார். உத்திராபதி சிரமப்பட்டுக் குனிந்து மூடிகளைப் பார்த்துவிட்டு, லோகநாயகியிடம் திரும்பினார். “இது எரியுமா?”

“எரியாது சார்.”

“சுத்துமா?”

“இல்ல சார்.”

“சத்தம்?”

“எறும்பு சத்தம் போடாது சார்” என்றாள் சிந்துஜா.

“அப்ப மேல இருக்கறதுக்கே குடுத்துடுங்க” என்றார் நடுவர், விரலை ஊதியபடி.

இவ்வாறாக, தான் செய்யாத எரிமலைக்காகச் சிந்துஜா முதல் பரிசு பெற்றாள். சான்றிதழை அன்பரசு வாங்கினார். அன்று மாலையே அதன் படம் கலைமணிக்கு வாட்ஸ்அப்பில் போயிற்று.

கடலூருக்கு வேன் ஏற்பாடாயிற்று. அன்பரசு, சபாபதி, லோகநாயகி, செய்திக்காக நான். சிந்துஜா தன் மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே வாசலில் நின்றாள். ஆனால் மலையைப் படுக்க வைத்தால் வாய் நசுங்கும், மடியில் வைத்தால் பாகு வழியும். கடைசியில் ஒரு முழு இருக்கையை அதற்குத் தர வேண்டியதாயிற்று.

“கண்ணு, நீ அம்மாகூட வீட்ல இரு” என்றார் அன்பரசு. “அங்க நான் பாத்துக்குறேன்.”

“அப்பா, அது என் பேர்ல போற பிராஜக்ட்டுப்பா.”

“அதான் பேரு போவுதே!”

மலைக்கு சீட் பெல்ட் போடப்பட்டது. வேன் கிளம்பியது.

கடலூர் மஞ்சக்குப்பத்து மண்டபத்தில் நான் கண்ட காட்சி என்னைப் புல்லரிக்க வைத்தது. மேசைக்கு மேசை தகப்பன்மார்கள். காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்த ஒருவர் வீராணம் ஏரியையே கொண்டுவந்து, ஒழுகிய இடத்தில் விரலை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சிலர் வாசலில் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அறிவியலுக்கு இடையூறாக யாரும் இல்லை.

ஆனால் அங்கே நடுவராக வந்த பேராசிரியை ஒரு விதிமீறல் செய்தார். அவர் எரிமலையைப் பார்க்காமல், அதனுடன் சிதம்பரத்திலிருந்தே பயணம் செய்து வந்திருந்த எறும்புகளைப் பார்த்தார்.

“இது ரொம்ப சுவாரசியமா இருக்கே. இந்தப் பாகுக்கு மட்டும் ஏன் வருது? வேற எதையாவது வச்சு சோதிச்சுப் பாத்தீங்களா?”

சபாபதி சாம்பல் என்று தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். லோகநாயகி கூரையைப் பார்த்தார். அன்பரசு, “ஒரு நிமிஷம் மேடம்” என்று ஒதுங்கி, வீட்டுக்கு போன் போட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டார்.

“சிந்து, அந்த எறும்பு மேட்டரு... சீக்கிரம் சொல்லும்மா. எதுக்கு ஜாஸ்தி வரும்? ஏன் வரும்?”

“உதவி வேணுமாப்பா?”

“ஆமாம்மா, சீக்கிரம்!”

“நானே சொல்லிட்டா நீங்க எப்பப்பா கத்துக்குவீங்க? நாலு மூடி எடுத்துக்குங்க. வச்சுட்டு, பேசாம உக்காந்து பாருங்க.”

போன் வைக்கப்பட்டது. பேராசிரியை புன்னகையோடு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

எல்லோருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் கிடைத்தது. ‘மாணவர்களின் கண்டுபிடிப்புகள்: பார்வையாளர்கள் வியப்பு’ என்று நான் செய்தி அனுப்பினேன். படத்தில் அன்பரசு நன்றாக விழுந்திருந்தார். ஒன்றை மட்டும் செய்தியில் சேர்க்க இடமில்லை. அந்த மண்டபத்தில் அன்று எதையோ தேடி வந்து, தாமாகவே கண்டுபிடித்துப் போனவை அந்த எறும்புகள் மட்டும்தான்.

பாவம், அவற்றுக்கு உதவ அப்பா யாரும் வரவில்லை.