கூழைக்கடா மரத்தில் உட்காராது

படிப்பை முடித்த புதிதில் சிலருக்குத் தமக்குத் தெரியாததே உலகத்தில் இல்லை என்று தோன்றும். எனக்கு அது கொஞ்சம் கடுமையாகவே வந்திருந்தது. விலங்கியலில் பட்டம், செங்கல்பட்டில் தொடக்கப் பள்ளி வேலை, யார் பேசினாலும் நடுவில் புகுந்து திருத்தும் வாய். (நான் வீட்டில் இருந்தால் அப்பா பேப்பரைச் சத்தமாகப் படிக்க மாட்டார்.)

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம், சின்ன வகுப்பு அறிவியல் பாடத்துக்கு ஏற்ற படப் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சாரதா அம்மா, கோவளத்திலிருந்து வந்த கணக்கு வாத்தியார் ஏழுமலை, அப்புறம் நான்.

"சயின்ஸ் படிச்சவ நீதாம்மா. நீ சொல்றதுதான்" என்று சாரதா அம்மா சொல்லித் தொலைத்தார்.

அவ்வளவுதான். சிரிக்கிற சூரியனைத் தள்ளினேன். செருப்புப் போட்ட எறும்பைத் தள்ளினேன். அடுத்து வந்தது கூழைக்கடா (பெலிகன்) குடும்பம் ஒன்றின் கதை. மர உச்சியில் கூடு. குஞ்சு, அம்மாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பைக்குள் தலையை விட்டு மீன் தேடுகிறது.

"இது நல்லா கீது மேடம். பசங்க வுழுந்து வுழுந்து சிரிக்கும்" என்றார் ஏழுமலை.

"சிரிக்கும் சார். ஆனா தப்பாப் படிக்கும். அதுக்கு வாத்து மாதிரி சவ்வுக் கால். கிளையை எப்படிப் பிடிக்கும்? அந்த வெயிட்டுக்குக் கிளை முறிஞ்சிடாது?"

"அப்படியா? நமக்குக் காக்காவைத் தவிர ஒண்ணும் தெரியாது மேடம்."

நான் அதோடு விட்டேனா? எழுந்து நின்று, கூழைக்கடா மரத்தில் உட்காரப் போய்ப் பொத்தென்று விழுவதை நடித்தே காட்டினேன். இருவரும் சிரித்தார்கள். 'எழுதியவர் இந்தப் பறவையைப் பார்த்ததே இல்லை' என்று குறிப்பெழுதி, மத்தியானமே கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியும் விட்டேன்.

வேலை சீக்கிரம் முடிந்ததால் சாரதா அம்மா வேடந்தாங்கல் பார்க்க ஆசைப்பட்டார். "நீ நிறைய தடவை பார்த்திருப்பே."

"எத்தனையோ தடவை" என்றேன். (ஒரு தடவைகூட இல்லை. அது வெளியூர்க்காரர்கள் பார்க்கிற இடம் என்று நினைப்பு.)

ஏரிக்கரையில் ஏழுமலை வாடகைக்கு பைனாகுலர் வாங்கிக் கண்ணில் வைத்தார்.

"மேடம், மரத்துல ஒண்ணு குந்திகினு கீது. வாய்ல பை தொங்குது. இன்னா அது?"

"நாரையா இருக்கும் சார்."

"நாரைக்குப் பை கீதா?"

வாங்கிப் பார்த்தேன். ஒன்றல்ல, ஒரு தெருவே குடியிருந்தது. அத்தனையும் கூழைக்கடா. நடுக் கூட்டில் ஒரு குஞ்சு, தாயின் வாய்க்குள் கழுத்துவரை தலையை விட்டிருந்தது. புத்தகத்தில் இருந்த அதே படம், அசைந்துகொண்டிருந்தது.

"கிளை இன்னும் முறியல மேடம்" என்றார் ஏழுமலை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மனிதர் நிஜமாகவே கவலைப்பட்டார்.

சாரதா அம்மா அந்தக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "யார் எழுதினாங்களோ, பாவம். இங்கேயே உட்கார்ந்து பார்த்து வரைஞ்சிருப்பாங்க." தலை நிமிரவே முடியவில்லை. என் குறிப்பு அந்தப் புத்தகத்தை எழுதியவர் கைக்குப் போவதற்குள் அதைப் பிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். அதிகாரி முழுக்கக் கேட்டார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"செங்கல்பட்டு சார்."

"வேடந்தாங்கலுக்கு இங்கேருந்து பஸ் போகுதே?"

நல்லவேளை, குறிப்பு இன்னும் யார் கைக்கும் போகவில்லை. அவர் என் கையாலேயே அதைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னார். புத்தகம் பள்ளிகளுக்குப் போனது.

அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். என் தம்பி, காபி ஆறுவதற்குள் இந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சமையலறைக்கு ஓடினேன். கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது. இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் கதையை முதலிலிருந்து சொல்லி, இப்படி முடிப்பார்:

"அப்புறம் இவ திருந்திட்டா. என்னை நேர்ல பார்த்துட்டுத்தான் சரின்னா. அதுவும் தப்பாப் போச்சு!"