அத்தானின் வளவில் தம்பபண்ணி

தலவில அன்னம்மாள் துணை

கற்பிட்டி
12.11.2013

பெருமதிப்புக்குரிய சூசைப்பிள்ளை அத்தானுக்கும் றோசமேரி அக்காவுக்கும் தம்பி பஸ்தியான் எழுதிக்கொள்வது. அன்னம்மாள் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். இத்தாலிக் குளிர் உங்களை அதிகம் வாட்டாதிருக்க அவளையே மன்றாடுகிறோம்.

அத்தான், உங்கள் மகள் ஷானிகாவின் தைக் கலியாணத்தை அடுத்த வருசக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மாப்பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. வீடு கட்டும் உங்கள் வளவுக் காணியில் ஒரு பழைய ராச்சியம் கிடைத்திருக்கிறது. உச்சமுனை மீன்வாடியில் மூன்று மாதம் மீன்பிடித்துவிட்டு நான் திரும்பிய அன்றே, தில்லையடி ரஸாக் சேர், சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர், கலியாணத்துக்காகக் கட்டும் வீட்டைப் பார்க்க வந்து மழைச் சேற்றில் வழுக்கி விழுந்தார். தூக்கப் போனால் எழும்ப மாட்டேன் என்கிறார், சிவந்த உள்ளங்கைகளைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆதியில் கப்பலில் வந்த இளவரசனின் ஆட்கள் களைத்துப்போய்க் கரையில் கையூன்ற, கை செம்புநிறமாகி, அதனால்தான் அந்த ராச்சியத்துக்குத் தம்பபண்ணி என்று பெயர் வந்ததாகக் கதையாம். "வெள்ளை மணல் ஊருல இந்த ஒரு வளவு மட்டும் ஏன் செவந்து கெடக்கு? யோசிங்க பஸ்தியான்" என்றார். யோசித்தேன், தலை சுற்றியது. பிறகென்ன, ஊரே வந்து கைபதித்தது, உங்கள் புதுச்சுவர் முழுக்கச் சிவப்புக் கை, உடப்பு ஊரிலிருந்தும் ஒரு வேன் சனம், வீடு கட்டும் மேசன் பாஸோ, ராசாவின் மண்ணில் கக்கூசுக்குழி வெட்டமாட்டேன் என்று கரண்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார், நானும் கயிறு கட்டி, கதிரை போட்டு, பெருநாள் காற்சட்டையோடு காவல் இருக்கிறேன். ஷானிகா மட்டும் அழுகிறாள். றோசமேரி அக்காவுக்குத் தையில்தான் லீவு, தள்ளிப்போட்டால் வரமாட்டா, அம்மாவைக் கண்டு ஆறு வருசம் என்கிறாள். மண்ணைப் பற்றியும் ஏதோ சொல்லவந்தாள். ராச்சிய விசயத்தில் பிள்ளைகள் கதைக்கக்கூடாது என்று அடக்கிவிட்டேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் நோய்நொடி அண்டாமல் காப்பாராக.

இப்படிக்கு,
ராச்சியக் காவலன் பஸ்தியான்

பி.கு.: இதை ஒட்டுமுன்னரே வாசலில் ஒரு லொறி வந்து செம்மண்ணைக் கொட்டியது. "மாமா, நீங்க வாடியில நிக்கேக்க பள்ளம் நிரப்ப நான்தான் மண் எடுப்பிச்சன். இது ரெண்டாவது லோட்" என்றாள் ஷானிகா. ரஸாக் சேர் லொறியடிக்குப் போனார். மண் எந்த ஊர் என்று டிரைவரிடம் கேட்டார், வண்ணாத்திவில்லு என்றதும், அப்போ ராச்சியம் அங்கேதான் என்று முன்சீட்டில் ஏறிப் போய்விட்டார். சனமும் பின்னாலேயே போய்விட்டது. எனக்குக் கவலைதான், பொய் சொல்லக்கூடாது. மேசன் பாஸ் நாளைக் காலை வருகிறார். மேலே எழுதியதை மறந்துவிட்டுக் கலியாணத்தைத் தையிலேயே வையுங்கள். அக்கா வரட்டும், ராச்சியம் போனால் போகட்டும்.