சொட்டு என்றால் அந்தச் சொட்டு இல்லை

அன்புள்ள மைத்துனனுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் ஆசியுடன் எழுதுவது. நான் நலம். அந்த வார்த்தையை இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே போ. நான் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும், கூடவே அடுத்தவன் உடம்பைப் பற்றித் தண்டோரா போடாமலும் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நேற்று நீ போனில், "மாமா, கூச்சப்படாதீங்க, இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். நல்ல டாக்டர், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கார்" என்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனை வைத்த பிறகு உன் அக்காவை விசாரித்தேன். அவள் உன்னிடம் சொன்னது இவ்வளவுதானாம்: "மாமாவுக்கு எப்பப் பாரு சொட்டு, சொட்டுன்னு அதே நினைப்பு. பாத்ரூமே கதின்னு கிடக்கார். கதவைத் தட்டினா, 'இரு, இப்பதான் வருது'ன்னு கத்தறார்." அட அறிவுக்கொழுந்தே! அது குழாய்ச் சொட்டுடா! நான் அதைப் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்!

கேள். எங்கள் பாத்ரூம் குழாய் வாஷர் போய்ச் சொட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் உன் அக்காவின் எவர்சில்வர் தட்டில் தண்ணீர் நிரப்பி, பின்னால் அவளுடைய நீலத் துண்டைத் தொங்கவிட்டு, ஸ்டூல் மேல் அரிசி டப்பா, டப்பா மேல் கேமரா என்று உட்கார வைத்தேன். சொட்டு விழுகிற இடத்தில் ஒரு பென்சிலைப் பிடித்து, கேமராவை அதன் மேல் ஃபோகஸ் செய்துவிட்டு, பென்சிலை எடுத்ததும் பட்டனை அழுத்த வேண்டும். சுலபம்தான், மூன்று கை இருந்தால். எனக்கு இரண்டுதான் என்பதால் பென்சில் பிடிக்க உன் அக்காவைக் கூப்பிட்டு, "அசையாதே" என்றேன். அவள் அடுப்பில் பால் வைத்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்? பால் பொங்கிய வாசனை வந்ததும் அவள் ஓடி, ஸ்டூலை இடித்து, கேமராவை மட்டும் நான் எட்டிப் பிடிக்க, அரிசியெல்லாம் கொட்டித் தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்து, தரையெல்லாம் தேங்கி, கீழ்வீட்டுத் தையல்காரர் படியேறி வந்து, "சார், என் மிஷின் மேல சொட்டுது"ன்னார். "எப்படிச் சொட்டுது? விட்டு விட்டா, ஒரே சீராவா?"ன்னு ஆசையா கேட்டேன். ஒரே சீரா சொட்டுற இடம் லேசில கிடைக்குமா? அந்த மனுஷன் முறைச்ச முறைப்பு இருக்கே!

ஆனா ஒண்ணு. நான் ரயில்வேயில் கொடி காட்டியே தலை நரைத்தவன். எந்த ரயிலும் எனக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுப் போனதில்லை. இந்தச் சொட்டு கொடுக்கிறது! படத்தைப் பார்த்தால் ஒன்று இன்னும் வந்திருக்காது, இல்லையென்றால் போயிருக்கும். விடுவேனா? முந்தாநாள் ஒன்று சிக்கியது பார். குழாய் நுனியில் தொங்குகிற சொட்டு, அதற்குள் எங்கள் பாத்ரூம் முழுக்கத் தலைகீழாக, நடுவில் இடுப்பில் கை வைத்தபடி உன் அக்காவும் தலைகீழாக. காட்டினேன். "நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"னு கேட்டாள். ஆனால் கேமராவைத் திருப்பித் தர அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஆகவே நான் வியாழக்கிழமை வர மாட்டேன். டாக்டரிடம் சொல்லிவிடு. அக்கா பேச்சைக் கேட்டுப் பிளம்பரையும் அனுப்பாதே. வாஷர் மாற்றுகிறேன் என்று எவன் ஸ்பேனரோடு வந்தாலும் வாசலோடு சரி. தட்டில் விழுந்த சொட்டு கிரீடம் மாதிரி எழும்புமே, அந்தப் படம் கிடைக்கிறவரை குழாய் சொட்டும், நான் உட்கார்ந்திருப்பேன். யாருக்கும் பயந்தவன் இல்லை நான்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவியிடம், மாமா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார் என்று சொல்.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத
மாமா

பின்குறிப்பு: இதை அக்கா காதில் போடாதே. டாக்டரை ரத்து செய்ய வேண்டாம். நீ நினைத்ததும் சரிதான்டா. கொஞ்ச நாளாகவே உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வர முடிவதில்லை. இதோ வரும், இதோ வரும் என்று குழாயையே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் சொட்டு எவ்வளவு அழகு என்று கண்ணில் பட்டது. கேமரா அப்புறம்தான் வந்தது. உன் அக்கா கதவைத் தட்டினால் சொல்ல ஒரு பதிலும் ஆயிற்று. பயமா இருக்குடா. நீயே வந்து கூட்டிக்கொண்டு போ. அவள் கேட்டால், கேமராவுக்கு ஸ்டாண்டு வாங்கப் போகிறோம் என்று சொல். வரும்போது மறக்காமல் ஒரு ஸ்டாண்டு வாங்கிவிட வேண்டும்.