முகம் பதித்த பந்து

ஏழு ஆறுகள் ஓடியும் குடிதண்ணீரைக் குடம் குடமாக வாங்கிக்கொண்டிருந்த ஒரு நாடு இருந்தது. வெண்குடை நாடு என்று பெயர். அந்நாட்டை ஆண்டவரைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை என்பதால் எல்லோரும் பெருந்தகை என்றே சொன்னார்கள். அவர் எதைக் கொடுத்தாலும் அதன்மேல் அவர் முகம் இருக்கும். அரிசிப் பையில் இருந்தது, மழைக்கோட்டில் இருந்தது, பிறந்த குழந்தையின் தொட்டில் துணியில் இருந்தது. வாங்கியவன் கொடுத்தவரை மறந்துவிடக் கூடாதல்லவா?

அந்நாட்டின் தென்கோடியில், உப்பளங்களை ஒட்டி ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்கே உடற்பயிற்சி ஆசிரியை வடிவு டீச்சர். பள்ளிக்கென்று இருந்தது ஒரே ஒரு கைப்பந்துதான். செருப்புத் தைப்பவரிடம் அடிக்கடி போய்த் தையல் போட்டுக்கொண்டு வரும் பந்து. அதை வைத்துத்தான் அவர் அஞ்சுகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"பந்த அடிக்கிறது கைன்னு நெனச்சிட்டிருக்க. இல்லடி. பின்னங்கால் தரையத் தள்ளுது. அந்த வேகம் இடுப்புல திரும்புது, தோள்ல ஏறுது. கடைசியாத்தான் கைக்கு வருது. கை வெறும் வாசப்படி. விசை அது வழியா வெளிய போகுது, அவ்வளவுதான்."

அஞ்சுகம் உப்பு வாரும் தொழிலாளியின் மகள். தலைநகரில் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு கல்லூரி உண்டு. அதில் இடம் கிடைத்தால் சோறும் படிப்பும் இலவசம். கிடைக்காவிட்டால், பள்ளி முடிந்த கையோடு தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். ஆகவே அவள் ஒவ்வொரு முறை பந்தை மேலே எறியும்போதும் தன் வாழ்க்கையைத்தான் எறிந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பள்ளிக்கு வண்டி வந்தது. 'கற்றல் வளங்கள்' என்று எழுதிய பெட்டிகள் இறங்கின. உள்ளே வெல்வெட்டு மெத்தைகளின்மேல் புத்தம் புதுப் பந்துகள், ஒவ்வொன்றிலும் பெருந்தகை சிரித்துக்கொண்டிருந்தார். அஞ்சுகம் ஒன்றை எடுத்துத் தோல் வாசனையை முகர்ந்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு ஆடுகளத்தின் கோட்டில் போய் நின்று பந்தை உயர எறிந்தாள்.

"நில்!" என்று வண்டியோடு வந்த கண்காணிப்பாளர் பரமேட்டி அலறினார். "யாரை அடிக்கப் போகிறாய்?"

பந்து இறங்கி அவள் கையிலேயே விழுந்தது. "பந்தத்தான் சார்."

"பந்தின்மேல் யார் இருக்கிறார்?"

அஞ்சுகம் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந்தப் பக்கம் திருப்புனாலும் அவருதான் சார் இருக்காரு."

அன்று மாலையே ஆணை வந்தது. பெருந்தகையின் முகம் பதித்த பந்துகளை அடிக்கக் கூடாது, உதைக்கக் கூடாது, தரையில் தட்டக் கூடாது. முகமற்ற பழைய பந்துகளை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தையல் போட்ட பந்தும் சாக்கில் ஏறிப் போனது.

"அப்ப பிள்ளைங்க எப்படி சார் விளையாடும்?" என்றார் வடிவு டீச்சர்.

"அம்மையீர், விளையாட்டு என்பது வளத்தின் பயன்பாடு. நாம் பேசுவதோ வளத்தின் இருப்பு. இருப்பில் நம் நாடே முதலிடம்," என்றார் பரமேட்டி.

அடுத்ததாகப் பாடநூல் வந்தது. கைப்பந்தின் வரலாறு, கைப்பந்துக்குப் பெருந்தகை ஆற்றிய தொண்டு, கைப்பந்தை வணங்கும் முறை என்று பாடங்கள். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க டீச்சருக்கு நெஞ்சு வலித்தது. தசை என்பது கேட்டு வாங்கும் சாமான் அல்ல, வேலை கொடுத்தால் வளரும், கொடுக்காவிட்டால் கோபித்துக்கொண்டு போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பந்தே இல்லாமல் ஆடச் சொன்னார். அஞ்சுகம் காற்றை மேலே எறிந்து காற்றை அடித்தாள். எதிர்ப்பக்கம் நின்ற வகுப்புத் தோழி தவமணி பாய்ந்து அதை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சண்டையே வந்துவிட்டது.

"நெட்டுல பட்டுச்சுடி!"

"எங்கடி பட்டுச்சு? நீ பாத்தியா?"

"நீ அடிச்சத மட்டும் நீ பாத்தியாக்கும்?"

டீச்சர் வெகு நாளுக்குப் பிறகு சிரித்தார். உண்மையில் அவர் பார்த்திருந்தார். கால், இடுப்பு, தோள் எல்லாம் சரியாகத் திரும்பியிருந்தால் பந்து எங்கே போயிருக்கும் என்பது உடம்பைப் பார்த்தாலே தெரியும். அது வலையைத் தாண்டியிருந்தது.

தகவல் பரமேட்டிக்குப் போயிற்று. வந்து நின்று உற்றுப் பார்த்தார். "இல்லாத பந்து என்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் நம் நாட்டில் முகமற்ற பந்து கிடையாது. எனவே இல்லாத பந்திலும் பெருந்தகையின் முகம் இருப்பதாகவே சட்டம் கொள்ளும்."

காற்றை அடிப்பதும் நின்றது.

கல்லூரிக்கான தேர்வு எழுத்துத் தேர்வாகிவிட்டது. பந்தைக் கண்டால் மாணவர் செய்ய வேண்டியது யாது என்பது கேள்வி. கைகூப்பித் தள்ளி நிற்றல் என்பது விடை. அஞ்சுகத்துக்கு அதை டீச்சரே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் எழுதியது ஒரே சொல்: அடிக்கணும்.

"விடை தெரியும்ல? ஏன்டி இப்படி எழுதுன?"

"தெரியும் டீச்சர். கை வரல."

அந்த ஆண்டு ஆட்டக்காரர் கல்லூரிக்குப் போனவர்களில் ஒருவருக்குக்கூட வியர்த்துப் பழக்கமில்லை. அஞ்சுகத்தின் கல்யாணத்துக்கு வடிவு டீச்சர் போனார். மாலையின் கனத்தில் அவளுடைய தோள் முன்பக்கமாகக் குறுகியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் திரும்பினார்.

சில ஆண்டுகள் கழித்துத் தேர்தல் வந்தது. பெருந்தகையை எதிர்த்து நின்ற நற்றுணையார், "பந்தை அடிக்கும் உரிமையை மீட்டுத் தருவேன்!" என்று ஊர் ஊராக முழங்கினார். டீச்சர் விடிந்ததும் போய் வரிசையில் நின்று வாக்களித்தார். நற்றுணையார் வென்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். பழைய முகம் பதித்த பந்துகள் அனைத்தையும் குறிப்பிட்ட நாளில் எல்லாப் பள்ளிகளிலும் அடிக்க வேண்டும், கிழியும்வரை அடிக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் ஆணை.

டீச்சர் அஞ்சுகத்துக்குச் சொல்லி அனுப்பினார். இடுப்பில் பெண் குழந்தையோடு வந்தாள். குழந்தையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டில் போய் நின்றாள்.

பந்துக்கு உள்ளே ரப்பர்ப் பை ஒன்று இருக்கிறது. அடி வாங்க வாங்கத்தான் அது நெகிழ்ந்து உயிரோடு இருக்கும். சும்மா வைத்திருந்தால் உலர்ந்து வெடித்துப்போகும், தோலும் அப்படியே. இது டீச்சருக்குத் தெரியும். ஆனாலும் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அஞ்சுகம் பந்தை உயர எறிந்தாள். பின்னங்கால் தரையைத் தள்ளியது. இடுப்பு திரும்பியது. தோள் ஏறியது. எதையும் அவள் உடம்பு மறந்திருக்கவில்லை. உள்ளங்கை பட்டதும் பந்து பட்டென்று பிளந்து, காய்ந்த தோலாக அவள் காலடியில் விழுந்தது.

"மிகச் சிறப்பு! ஒரே அடி!" என்று கைதட்டினார் பரமேட்டி. அவர் இப்போது நற்றுணையாரின் கண்காணிப்பாளர்.

அஞ்சுகம் திரும்பினாள். "டீச்சர், நெட்டத் தாண்டிருக்கும்ல?"

"தாண்டிருக்கும்டி."

அதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. புதிய பெட்டிகள் இறங்கின. யாருடைய முகம் என்று மூடியைத் திறந்து பார்க்கும் முன்பே பிள்ளைகள் வரிசையில் வந்து கைகூப்பி நின்றார்கள். வடிவு டீச்சர் குழந்தையைத் தாயிடம் கொடுத்தார். காலியான தம் கைகளைப் பார்த்தார்.

அவையும் கூப்பித்தான் இருந்தன.