நாலு கம்பி பாஸ்

இனி இந்த வளவுக்குள் இன்னொரு கிற்றார் வந்தால், உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்று ஆர்த்திகா சொன்னாள். கத்திச் சொல்லியிருந்தால் நிலோஜன் பயந்திருக்க மாட்டான். வாவி மீனுக்குச் செதில் உரசிக்கொண்டே சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

“இருக்கிற ஒண்டே காணும். ஆறு கம்பி. இழுத்துக் கட்டினா உடுப்பாவது காயும்.”

“இன்னொண்டு வாங்கப் போறன் எண்டு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லல்ல. முந்திச் சொல்லி வைக்கிறன்.”

“இல்லாத ஒண்டுக்கு ஏன் புள்ள சட்டம்?”

“நாய் வர முந்தித்தான் வேலி அடைக்கிறது.”

நாய் யார் என்று நிலோஜன் கேட்கவில்லை.

அவன் பரம்பரையில் அவன்தான் முதல் பட்டதாரி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, அதற்கும் ஒரு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். அரசாங்க நியமனம் வரும் என்றார்கள். பிறகு வரும் என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பட்டம் அப்படியே இருந்தது, ஆணிதான் துருப்பிடித்தது.

சோறு போட்டது கிற்றார். குருக்கள்மடத்து இராசதுரையின் இசைக்குழுவில் அவன் லீட், அதாவது பாட்டுக்கு முன்னால் ஓடுகிற கிற்றார், வாசித்தான். கலியாண வீடு, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று ஒரு காலம் ஓய்வில்லாமல் ஓடியது. இப்போது ஒரு பொடியன் மடிக்கணினியோடு வந்து பொத்தானை அமத்தினால் சாமத்திய வீடு முடிந்துவிடுகிறது. அழைப்புக் குறைந்தது. அழைப்புக் குறைந்தால் ஆளும் குறையும். குழுவில் யாரையோ நிப்பாட்டப் போகிறார்கள் என்ற கதை காற்றில் வந்தது. அந்த யாரோ தான்தானோ என்று நிலோஜன் பயந்தான். இந்த வேலையும் போனால் அவனிடம் இருப்பது சுவரில் தொங்குகிற ஒன்றுதான்.

ஆனாலும் லீட் என்ற பெருமை விடவில்லை.

“லீட்டு லீட்டெண்டு சொல்லுறீங்க,” என்பாள் ஆர்த்திகா. “கூரையில லீக்கு. அதப் பாத்தீங்களா?”

அந்த வாரம் இராசதுரை அவனைக் கூப்பிட்டார். குழுவுக்குத் தலைவரும் அவர்தான், ட்ரம்ஸ் அடிப்பவரும் அவர்தான்.

“தம்பி, பேஸ் கிற்றார் வாசிச்ச பொடியன் கட்டாருக்குப் போயிட்டான். அவன்ட கிற்றார் இஞ்ச சும்மா கிடக்கு. ஒருக்கா எடுத்துப் பழகன்.”

நிலோஜனுக்குச் சுருக்கென்றது. “ஆறு கம்பி வாசிக்கிறவன் நாலு கம்பிக்கு இறங்குறதா அண்ணன்?”

“இறங்கினாத்தான் தெரியும், அடியில என்ன கிடக்கெண்டு. லீட்காரன் பேஸ் பழகினா அவன்ட லீட் பத்து மடங்கு திறம். காது திறக்கும். விரல் உரக்கும். தாளம் இடுப்பில வந்து குந்தும்.” இராசதுரை குரலைத் தாழ்த்தினார். “கல்குடாவில நிதுர்ஷன் எண்டு ஒரு பொடியன் வாசிக்கிறான், கேட்டனியா?”

கேட்டிருந்தான். கேட்ட நாளிலிருந்து நித்திரை இல்லை. அந்தப் பொடியனின் விரல்கள் வேலியில் ஓடும் ஓணான் மாதிரி ஓடின.

நிலோஜன் அங்கேயே ஒரு சபதம் எடுத்தான். ரகசியமாகப் பேஸ் பழகுவது. காதைத் திறந்துகொண்டு, பத்து மடங்கு லீட்டோடு வந்து நிதுர்ஷனை மேடையிலிருந்து ஊதித் தள்ளுவது. பேஸ் இராசதுரை வீட்டிலேயே இருக்கும். ஆர்த்திகாவின் வளவுக்குள் வராது. சட்டப்படி எல்லாம் சரி.

ஆனால் பின்னேரங்களில் எங்கே போகிறாய் என்று கேட்டால்? பொய் சொல்ல அவனுக்கு வராது. சொன்னால் காது சிவக்கும்.

மத்தியானச் சோற்றில் அவள் கேட்டாள்.

“குருக்கள்மடத்துக்குத்தான் போறன்,” என்றான் வாய் நிறையச் சோற்றோடு. “பேஸ் பழக.”

“பாஸோ?” ஆர்த்திகா அகப்பையைக் கீழே வைத்தாள். “மேசன் பாஸ் வேலையா?”

மட்டக்களப்பில் கல்லடுக்கிச் சுவர் கட்டுகிறவருக்குப் பாஸ் என்றுதான் பெயர். ஆர்த்திகாவின் தகப்பனும் ஒரு பாஸ். யாரோ கட்டிய மாடி வீட்டின் பலகைத் தட்டிலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரி போகும் வழியில் முடிந்துபோனவர்.

அவள் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை அவன் கலியாணத்தன்றும் கண்டதில்லை. அதை அணைக்க மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் பொய்யும் சொல்லவில்லை. அவன் சொன்ன சொல்லில் அவள் முன்னால் நின்ற கொம்பை எடுத்துவிட்டுப் பின்னால் ஒரு காலை வைத்தாள். அவன் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

“ஓ… ஓம்,” என்றான். காது சிவந்தது. உறைப்புக் கறி என்று நினைத்திருப்பாள்.

முதல் நாள் பேஸை மடியில் தூக்கி வைத்தபோது ஆட்டுக்குட்டியென்று நினைத்து எருமைக்கன்றைத் தூக்கியதுபோல் இருந்தது. அவன் விரல்கள் பழக்கத்தில் மேலும் கீழும் ஓடின. இராசதுரை ட்ரம்ஸை நிறுத்தினார்.

“வாசிக்கிறாய் தம்பி. கேக்கிறாய் இல்ல.”

“கேட்டுத்தானே அண்ணன் வாசிக்கிறன்?”

“உன்னக் கேக்கிறாய். என்ட காலக் கேள்.”

பெரிய ட்ரம்மில் இராசதுரையின் கால் விழுந்தது. அது விழும்போது இவன் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒன்றே ஒன்று. பிறகு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நிலோஜனுக்குத் தெரியாது. நியமனத்துக்காகக் காத்திருந்தபோதுகூட இவ்வளவு கஷ்டப்படவில்லை.

வீட்டில் அவள் காத்திருந்தாள்.

“இண்டைக்கு என்ன பழக்கினவர் பாஸ்?”

“அத்திவாரம்,” என்றான். இராசதுரை அப்படித்தான் சொல்லியிருந்தார்.

“நல்லம். எத்தின கம்பி?”

“நாலு.”

“நாலு காணும். அப்பாவும் தூணுக்கு நாலுதான் வைப்பார். என்ன முக்கியமாம்?”

“ட்ரம்மோட சேந்து நிக்கிறதுதான்…” நாக்கைக் கடித்தான்.

“ட்ரம்மோ?”

“தண்ணி ட்ரம்.”

“ஓம். தண்ணி பக்கத்தில நிண்டாத்தானே சீமெந்து குழைக்கலாம்.” அவள் தேத்தண்ணி ஊற்றினாள். “உங்களுக்கு எது கஷ்டம்?”

“இடைவெளி. கண்டா நிரப்பச் சொல்லிக் கை துருதுருக்குது. விடச் சொல்லுறார். குறைய வைக்கிறதுதான் வித்தையாம்.”

“இடைவெளிய விட்டா அரணையெல்லாம் உள்ளுக்குப் பூருமே.”

“இது வேற இடைவெளி புள்ள.”

“சரி, சரி. படிச்ச பாஸ். உங்களுக்குத் தெரியாததா?”

இப்படியே போனது. அவன் சொன்னதெல்லாம் உண்மை. கீழே நின்று மற்ற எல்லாரையும் தாங்க வேண்டும். மட்டம் தப்பினால் முழுதும் சரியும். நேராக நின்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தன்னைப்போல் சாதுரியமான மனிசன் ஆரையம்பதிக்கும் கல்லாற்றுக்கும் இடையில் இல்லை என்று நிலோஜன் நினைத்துக்கொண்டான்.

விரல் நுனிகள் கொப்பளித்தன. பேஸ் கம்பி ஒவ்வொன்றும் வண்டில் கட்டுகிற கயிறு. ஆர்த்திகா தேங்காயெண்ணெய் பூசிவிட்டாள். பூசிக்கொண்டே உற்றுப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு விரல் இடுக்கிலதான் சீமெந்து கடிக்கும். உங்களுக்கு நுனியில கடிச்சிருக்கு.”

அவன் விரலை மடக்கிக்கொண்டான்.

“பட்டதாரிமாருக்கு அது வேற இடம் பாத்துக் கடிக்கும் போல,” என்று சொல்லிவிட்டு எண்ணெய்ப் போத்தலை மூடினாள்.

பிறகு கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிணற்றுக்கட்டு வெடித்து ஒரு பக்கம் வாவியைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

“வீட்டில பாஸ் இருக்க வெளியால ஆள் தேடுறது வெக்கம்.”

நிலோஜன் கிணற்றுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தொலைபேசியில் காணொளி பார்த்தான். மணல் அரித்தான். சீமெந்து குழைத்தான். கல் வைத்தான். மறுநாள் ஒரு காகம் வந்து அந்தக் கட்டில் குந்தியது. கட்டு மெல்லச் சாய்ந்தது. காகம் தன்னுடைய பிழை என்று நினைத்து எழும்பிப் போனது.

“அப்பா தூக்குக்குண்டு பிடிச்சுத்தான் பாப்பார்,” என்றாள் ஆர்த்திகா, யாருக்கோ சொல்வதுபோல. தகப்பனின் தூக்குக்குண்டு, நூல் சுற்றியபடி, அலுமாரிக்குள் இருந்து வெளியே வந்தது.

இடித்தான். திரும்பக் கட்டினான். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சாந்து ஒரே அளவாக விழ வேண்டும். அவனுக்கே தெரியாமல் இராசதுரையின் கால் காதுக்குள் விழுந்தது. அதன் கணக்கில் கல்லை வைத்தான். இந்த முறை கட்டு நின்றது. காகம் குடும்பத்தோடு வந்து குந்தியது. அடுத்த வளவுச் சீதேவிப்பிள்ளை மாமி வேலியால் எட்டிப் பார்த்து, “மருமகன், எங்கட கக்கூஸ் சுவரும் கிடக்கு,” என்றாள்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு பின்னேரம் பழைய ஆறு கம்பியை எடுத்து வாசித்தபோது விரல்கள் பறக்கவில்லை. ஒரு சுரம் வைத்து, விட்டு, இன்னொன்று வைத்தான். பாட்டின் தரை எங்கே இருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது. இத்தனை வருடமும் தரை தெரியாமலே குதித்திருக்கிறான். குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அவன் வாசித்து முடிக்கும் வரைக்கும் தொடங்கவில்லை.

சரி, காது திறந்துவிட்டது. இனி நிதுர்ஷன் முடிந்தான்.

கல்குடாவில் ஒரு கலியாண விருந்து. பகல் நிகழ்ச்சி. நிலோஜன் தன் ஆறு கம்பியைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மேடையின் முன்னால், அவன் எப்போதும் நிற்கும் இடத்தில், வேறொருவன் வயர் பொருத்திக்கொண்டு நின்றான். மெலிந்த பொடியன். ஓணான் விரல்.

“உன்ட இடம் இஞ்ச,” என்று இராசதுரை பின்னாலிருந்து கூப்பிட்டார். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் பேஸ் சாய்ந்திருந்தது.

“இண்டைக்கு மட்டும்தானே அண்ணன்?”

இராசதுரை இறுக்கிய திருகையே திரும்பவும் இறுக்கினார். “தம்பி, போன மாரியிலயே உன்ன நிப்பாட்டி நிதுர்ஷன எடுக்கப் போறம் எண்டு சொல்ல வீட்டுக்கு வந்தனான். எல்லாரும் சேந்து எடுத்த முடிவு. நீ நிக்கல்ல. உன்ட மனிசிதான் நிண்டவ.”

நிலோஜன் தோளில் கிடந்த ஆறு கம்பியை இறக்கி வைத்தான்.

“அவ அழல்ல, ஏசல்ல. அவருக்கு வேற என்ன இடம் இருக்கு எண்டு கேட்டா. பேஸ் கிடக்கு, அவன் தொடமாட்டான் எண்டன். நான் தொடப்படாது எண்டு சட்டம் போட்டாத் தொடுவார் எண்டா.”

“லீட் பத்து மடங்கு திறமாகும் எண்டது?”

“அதுவும் அவ சொல்லச் சொன்னதுதான். ஆனா பொய்யில்ல தம்பி. நான் நினைச்சு வச்சிருந்த உண்மையத்தான் அவ கேட்டு வாங்கினா.”

பாட்டுத் தொடங்கியது. எல்லாத் தொலைபேசியும் நிதுர்ஷனைப் படம் பிடித்தது. நிலோஜனை ஒருவரும் பார்க்கவில்லை. ஆத்திரத்தில் ஒரு இடத்தில் கையை எடுத்தான். ஆடிக்கொண்டிருந்த கால்கள் தடுமாறின. மாப்பிள்ளையின் மாமன் கரண்ட் போனதுபோல மேலே மின்விசிறியைப் பார்த்தார். நிதுர்ஷனின் ஓணான் வேலியிலிருந்து விழுந்தது. நிலோஜன் திரும்ப வாசித்தான். எல்லாம் நேராக நின்றது. நிறுத்தினால் மட்டும் தெரிகிற மனிசனாகத் தான் ஆகிவிட்டது அவனுக்கு விளங்கியது.

அடுத்த நாள் பின்னேரம் ஆர்த்திகா புதுக் கிணற்றுக்கட்டில் சாய்ந்து மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள்.

“எப்பயிருந்து தெரியும்?”

“எது?”

“பேஸ்.”

“பாஸோ?”

“ஆர்த்திகா.”

அவள் கத்தியை வைத்தாள். “இராசதுரை அண்ணன் சொல்லிட்டாரா? ஓட்டை வாய்.”

“நிப்பாட்டப் போறாங்க எண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா ரோசத்தில நீங்களே விட்டுட்டு வந்திருப்பீங்க. வந்து அந்தப் பட்டத்தப் பாத்துக்கொண்டு கட்டில்ல கிடப்பீங்க. நான் அதப் பாக்க ஏலாது.”

அவனுக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று தேடிப் பார்த்தான்.

“சரி. பேஸ் எண்டு தெரிஞ்சும், மறுகா என்னத்துக்கு என்னக் கிணத்துக்கட்டுக் கட்ட வச்ச?”

ஆர்த்திகா மீனைத் திருப்பிப் போட்டாள்.

“லீட்காரன் பேஸ் பழகினா நல்லமெண்டு இராசதுரை அண்ணன் நிதுர்ஷனுக்கும் சொல்லியிருக்கார். அவன் பழகத் தொடங்கிட்டானாம். அவன் ரெண்டையும் வாசிச்சா, குழுவில நீங்க மிச்சம்.”

வாவியிலிருந்து காற்று வந்தது. காகம் கட்டில் குந்தியது. கட்டு அசையவில்லை.

“நெஞ்சு உயரத்துக்கு மேல போற சுவர் எண்டா வேணாம் எண்டு சொல்லிப்போட்டு வாங்க. பலகையில ஏறப்படாது,” என்றாள். “மாமிட கக்கூஸ் சுவர் உயரமில்ல. விடிய வாறார் எண்டு சொல்லிட்டன். சுணங்காம எழும்புங்க, பாஸ்.”