கபடி சீசன் பக்தன்

கடவுள் இல்லைங்கிறதுல எனக்கு இன்னிக்கும் சந்தேகம் கிடையாது. கபடி சீசன்ல மட்டும் கொஞ்சம் வரும்.

இதை உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன், வெளியில விட்டுடாதீங்க. கீழ்வேளூர் வட்டாரத்துல எங்க பகுத்தறிவு மன்றத்துக்கு நான் செயலாளர். அப்பா அம்மா வச்ச பேரு சிங்காரவேலு. சாமி பேரா இருக்கேன்னு மேடையில நாலு பேர் கைதட்ட 'அறிவழகன்'னு மாத்திக்கிட்டேன். ஊர்ல ஒருத்தரும் அப்படிக் கூப்பிடறதில்ல. 'அழகன்'ங்கிறதுக்கு என் மூஞ்சி ஒத்துவரலையாம். 'அறிவு'ங்கிறதுக்கு என் பொண்டாட்டி ஒத்துவரலை.

அவ பேரு ராஜாத்தி. நம்ம ஆட்சி வந்த புதுசுல, சீர்திருத்தக் கல்யாணம் செல்லும்னு சட்டமே போட்ட நேரத்துல எங்க கல்யாணம். ஐயர் இல்ல, அக்கினி இல்ல, மைக் இருந்துது. மேடையில இருந்த அத்தனை பேரும் பேசினாங்க. அவ மட்டும் ஒரு வார்த்தை பேசலை. அன்னிக்கு விட்டதையெல்லாம் சேத்து வச்சு இப்பப் பேசறான்னு நெனச்சுடாதீங்க. ராஜாத்தி எப்பவுமே அதிகம் பேச மாட்டா. அதுதான் ஆபத்து.

அவ என்கிட்ட ஆசைப்பட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. எங்க பொண்ணு கயல்விழிக்கு எல்லையம்மன் கோயில்ல மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் காது குத்தணும். கொழந்தைக்கு நாலு வயசாச்சு. முடி கண்ணுல விழுது.

"மொட்டை அடிச்சா மூளை வளருமா?"ன்னு கேட்டேன்.

"முடி வளரும்ங்க."

"காது குத்தினா காது நல்லாக் கேக்குமா?"

"உங்களுக்குக் குத்தியிருக்கே. நான் சொல்றது கேக்குதா?"

அதோட விட்டுட்டா. சொந்தக்காரங்க விசேஷத்துல, "என்னடி, பொண்ணு காது இன்னும் மூளியா இருக்கு"ன்னு யாராவது கேட்டா சிரிச்சு மழுப்பிட்டு வந்துடுவா. வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் அதை என் கொள்கைக்குக் கெடச்ச வெற்றின்னு எடுத்துக்கிட்டேன்.

இப்ப கபடிக்கு வர்றேன். அறுப்பு முடிஞ்சு வயல் காஞ்சா எங்க பக்கம் கபடிதான். எட்டு ஊர் டீம். ஒவ்வொரு ஊரும் மத்த ஊரோட ரெண்டு தடவை ஆடணும். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ஆட்டம். அதிகம் ஜெயிச்ச ஊருக்குக் கேடயம். எங்க ஊரும் கேடயத்தைப் பாத்திருக்கு, அடுத்த ஊர்க்காரன் தூக்கிக்கிட்டுப் போறப்ப.

அந்த வருசம் கூலித் தகராறு வேற. மரக்கால் நெல்லு கூடக் கொடுன்னு செங்கொடிச் சங்கம் ஒரு பக்கம், முடியாதுன்னு மிராசுதாருங்க ஒரு பக்கம், நடுவுல போலீஸ் வேன். நான் பத்து மா நெலத்துக்குக் குத்தகைக்காரன். மிராசுதாருக்கு நான் கூலிக்காரன் மாதிரி, கூலிக்காரனுக்கு நான் மிராசுதார் மாதிரி. திட்டு மட்டும் ரெண்டு பக்கமும் பாகுபாடு இல்லாமக் கெடைக்கும்.

எங்க டீம்ல பாடிப் போறதுல புலி வைரக்கண்ணு. கூலி கேட்டு மொத வரிசையில நிக்கிறவன். ஆளைப் புடிக்கிறதுல மன்னன் தியாகராசன். பெரிய மிராசு வீட்டுப் புள்ள. எதிராளி பாடி வர்றப்ப நம்ம ஆளுங்க கையைக் கோத்துக்கிட்டு நிக்கணும். இவனுங்க ரெண்டு பேரும் கையைக் கோக்க மாட்டேன்னுட்டானுங்க. நடுவுல மாட்டுவண்டி போற அளவு சந்து. எதிராளி அதுல பூந்து, தொட்டுட்டுப் போய்க்கிட்டே இருந்தான். மொத மூணு ஆட்டமும் தோல்வி.

நாலாவது ஆட்டம் தேவூர்ல. ஆட்டம் பாக்கப் போற வழியில எல்லையம்மன் கோயில் வாசல்ல சைக்கிள் செயின் கழண்டுடுச்சு. குனிஞ்சு மாட்டிக்கிட்டு இருக்கறப்ப, பூசாரி ரெத்தினம் வந்து கேக்காமலே என் நெத்தியில விபூதியை இழுவிட்டாரு. ரெண்டு கையிலயும் கிரீஸ். தொடைக்க முடியாம அப்படியே போனேன். அன்னிக்கு என்னமோ வைரக்கண்ணுவும் தியாகராசனும் ஒருத்தன் கையை ஒருத்தன் புடிச்சுக்கிட்டு நின்னானுங்க. ஜெயிச்சோம்.

தற்செயல்தான். பகுத்தறிவாளனுக்கு இது தெரியாதா? ஆனா ஒண்ணு தற்செயல்னு நிரூபிக்கணும்னா திரும்பச் செஞ்சு பாக்கணும். அதுதான் விஞ்ஞானம். அடுத்த ஞாயித்துக்கிழமை விஞ்ஞானத்துக்காகக் கோயிலுக்குப் போனேன். ஜெயிச்சோம். அதுக்கடுத்த வாரம் விஞ்ஞானத்துக்காக எலுமிச்சம்பழம் வாங்கிக்கிட்டுப் போனேன். அதுலயும் ஜெயிச்சோம். மறுவாரம் தேங்காய், சூடம். விஞ்ஞானம் வாராவாரம் வளந்துக்கிட்டே போச்சு.

ஆட்டக்களத்துக்குள்ள போறதுக்கு முன்னால தோள்ல கெடக்கற கறுப்புத் துண்டால நெத்தியை அழுத்தித் தொடைச்சுடுவேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாதுன்னு நெனச்சேன்.

ஊருக்கு ஆசை வந்துட்டுது. டீக்கடை மீரா உசேன், கேடயம் வைக்கறதுக்காக அலமாரியில பிஸ்கட் டின்னை ஓரந்தள்ளி இடம் பண்ணிட்டாரு. மொத மூணு தோல்வியைப் பத்திப் பேசறவனுக்கு அவர் கடையில டீ கெடையாது. தாசில்தார் முன்னாடி கூலிப் பேச்சு முறிஞ்ச அன்னிக்குக்கூட, ரெண்டு கட்சியும் வெளியில வந்து, மெலிஞ்சு கெடக்கற வைரக்கண்ணு ஒடம்பு தேறணும்கிறதைப் பத்தித்தான் பேசிக்கிட்டாங்க. மிராசுதார் வீட்டுலேர்ந்து அவனுக்கு முட்டை போச்சு. கூலிதான் ஏறலை.

அப்புறம் கீழ்வேளூர் டீம் எங்க ஊருக்கு வந்துது. ஒவ்வொருத்தனும் நெல்லுப் பத்தாயம் மாதிரி இருந்தான். பாதி ஆட்டத்துல நாங்க ரொம்பப் பின்னால. கண்ணை மூடினேன். 'எல்லையம்மா, இந்த ஒரு ஆட்டம். ஜெயிச்சா மொட்டை போடறேன்.'

சொன்ன உடனே எனக்கே திக்குன்னுது. செயலாளர் மொட்டைத் தலையோட மேடை ஏற முடியுமா? அவசரமாத் திருத்திக்கிட்டேன். 'எனக்கு இல்ல தாயே, என் பொண்ணுக்கு. அடுத்த ஆட்டத்துக்குள்ள போட்டுடறேன்.'

கடைசிப் பாட்டுல வைரக்கண்ணு ரெண்டு பேரைத் தொட்டுட்டு, மூணு பேர் காலைப் புடிச்சு இழுக்க இழுக்க, வெரல் நுனியால கோட்டைத் தொட்டான். ஒரே ஒரு பாயிண்ட்டுல ஜெயிச்சோம்.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கிட்டேன். என்ன மூளை பாருங்க. அம்மனுக்குச் சொன்னதும் நடந்துடும், ராஜாத்தி ஆசையும் தீந்துடும், என் கொள்கையிலயும் கீறல் இல்ல. பொண்டாட்டிக்காக விட்டுக்கொடுத்த பெரிய மனுசன்னு பேரு வேற.

உள்ள நுழைஞ்சதும் குரலைக் கனமாக்கிக்கிட்டேன்.

"ராஜாத்தி, கொள்கை கொள்கைன்னு உன் மனசைப் புண்படுத்திட்டேன். போகட்டும். உனக்காக, கயலுக்கு மொட்டை போட்டுடலாம். இந்த வாரமே."

அவ அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா. முறம் நிக்கவே இல்ல.

"வேண்டாங்க."

"என்ன வேண்டாம்?"

"மொட்டைதான். நீங்க சொன்னதை நானும் யோசிச்சுப் பாத்தேன். முடியை வாங்கிக்கிட்டு வரம் கொடுக்க, சாமி என்ன சவுரி வியாபாரமா பண்ணுது?"

அது என் வசனம். பொங்கல் கூட்டத்துல கைதட்டல் வாங்கின வசனம்.

"அது பொதுவாச் சொன்னது, ராஜாத்தி."

"காது குத்தறது காட்டுமிராண்டித்தனம்னீங்க."

"காட்டுமிராண்டித்தனத்துலயும் ஒரு அழகு இருக்குல்ல?"

"எனக்குத் தெரியலைங்க. நான் திருந்திட்டேன்."

"இவ்வளவு சீக்கிரம் திருந்தணும்னு அவசியம் இல்லையே."

"உங்க உழைப்பு வீணாப் போகலாமாங்க?"

செவ்வாக்கிழமை பயிற்சியில வைரக்கண்ணுக்குக் கால் பிசகிடுச்சு. மறுநாள் தியாகராசனோட அப்பா, "கொடி புடிக்கிறவன் கையை நீ புடிக்கக் கூடாது"ன்னு புள்ளையை வீட்டுக்குள்ள வச்சுட்டாரு. மீரா உசேன் டீயை ஆத்திக்கிட்டே என்னைப் பாத்தாரு.

"யாரோ நம்மூர்ல வேண்டிக்கிட்டு, செய்யாம விட்டுட்டாங்கன்னு பூசாரி சொல்லிக்கிட்டுத் திரியறாரு செயலாளரே. உங்களுக்குத்தான் இதுலல்லாம் நம்பிக்கை கெடையாதே. உங்ககிட்டப் போய்ச் சொல்றேன் பாருங்க."

டீயைப் பாதியிலயே வச்சேன். என் ஒருத்தனால ஊரோட கேடயம் போயிடப் போகுதேன்னு வீட்டுக்கு ஓடினேன்.

"ராஜாத்தி, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். சாமி இல்லைன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கலை பாரு."

"நீங்க நிரூபிச்சீங்களே. தரங்கம்பாடிக் கூட்டத்துல சாயங்காலம் பூரா நிரூபிச்சீங்க. நான்தான் கொழந்தையை வச்சுக்கிட்டு மண்ணுல உக்காந்திருந்தேன்."

"சரி, சாமியை விடு. வெயில் காலம். மொட்டை குளிர்ச்சி."

"எண்ணெய் வச்சுப் பின்னி விடறேன்."

"உங்க அண்ணன் மனசு என்ன பாடுபடும்?"

"அவருக்கும் புத்தி சொல்லிட்டேங்க. கறுப்புச் சட்டை தைக்கக் கொடுத்திருக்காரு."

கட்சிக்கு ஆள் சேக்கறதுல எனக்கு இவ்வளவு வேகம் இருந்ததில்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் தாக்குப் புடிச்சேன். அன்னிக்குக் காலையில அவ கிணத்தடியில துணி துவைச்சுக்கிட்டு இருந்தா. பக்கத்துல போய்க் குத்துக்கால் போட்டு உக்காந்தேன்.

"ராஜாத்தி, நான் ஒண்ணு வேண்டிக்கிட்டேன்."

"யாருகிட்டங்க?"

"எல்லையம்மன்கிட்ட."

"சத்தமாச் சொல்லுங்க. தண்ணி சத்தத்துல காது கேக்கலை."

தண்ணி எங்கயும் ஓடலை. இருந்தாலும் சத்தமாச் சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் மேஞ்சுக்கிட்டு இருந்த ஆடு தலையைத் தூக்கிப் பாத்துது. விபூதி, எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம், கயலு மொட்டை, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவ ஆச்சரியப்படவே இல்ல. வாளியிலேர்ந்து என் கறுப்புத் துண்டை எடுத்துப் புழிஞ்சா.

"இதைத் துவைக்கறது யாருங்க? ஆட்டத்துக்குப் போயிட்டு வந்த மறுநாள் அலசினா தண்ணி வெள்ளையா வருது. மொத வாரம் கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்புன்னு நெனச்சேன். மோந்து பாத்தேன், விபூதி. பூசாரிகிட்டக் கேட்டேன். உங்க பக்தியைப் பத்தி ரொம்பப் பெருமையாச் சொன்னாரு."



"மூணு வருசமா நான் கேட்டேன்"னா. குரலை ஒசத்தலை. "எங்க அண்ணன் வாசல்ல நின்னு கேட்டாரு. எங்க சனங்க முன்னால நான் பட்ட பேச்சு உங்களுக்குத் தெரியாது. போகட்டும், கொள்கைன்னா அப்படித்தான்னு பொறுத்துக்கிட்டேன். பொண்டாட்டிக்கு விட்டுக்கொடுக்காத கொள்கை, கபடிக்கு விட்டுக்கொடுக்கும்னு தெரியாமப் போச்சு. அதையும் எனக்காகச் செய்யற மாதிரி வந்து சொன்னீங்க பாருங்க."

உண்மையாச் சொல்றேன், அவ்வளவு வெக்கப்பட்டது என் ஆயுசுல இல்ல. எதிர்க்கட்சிக்காரன் கேட்டிருந்தா பதில் வச்சிருப்பேன். கிணத்தை எட்டிப் பாத்தேன். கோடை, குதிச்சா முங்கற அளவுக்குத் தண்ணியும் இல்ல.

"தப்புதான் ராஜாத்தி. என்ன செய்யணும், சொல்லு. செய்யறேன்."

"கயலுக்கு மொட்டை போட்டுக் காதும் குத்திடலாம். அண்ணனுக்கு அன்னிக்கே சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்குக் காலையில வந்துடுவாரு."

"கறுப்புச் சட்டையிலயா?"

"பட்டு வேட்டியிலங்க. கூட நம்ம சனம் ஒரு வண்டி."

அப்பாடான்னு எந்திரிச்சேன். அவ துண்டை ஒதறிக் கொடியில போட்டா.

"இருங்க, இன்னொண்ணு இருக்கு. நானும் ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரரு தன் காலால நடந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டா, அவரு தலை முடியை உனக்குத் தர்றேன் தாயேன்னு போன வருசம் வேண்டிக்கிட்டேன்."

"என் தலை முடியை நீ எப்படி வேண்டிக்கலாம்?"

"கயலு தலை முடியை நீங்க வேண்டிக்கலையா?"

இதுக்கு மேடையில பதில் கெடைக்குமான்னு இன்னிக்கு வரைக்கும் தேடிக்கிட்டு இருக்கேன்.

சனிக்கிழமை காலையில கோயில் வாசல்ல மாமன் மடியில கயலு, பக்கத்துல மனைப் பலகையில நான். கொழந்தை அழலை. என்னைப் பாத்துப் பாத்துச் சிரிச்சுது. காது குத்தறப்ப மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர். ராஜாத்தி அதைத் தொடைச்சுவிட்டுட்டு நிமிந்தா. அந்த மூஞ்சியில இருந்த சந்தோசத்தை மூணு வருசமா நான் பூட்டி வச்சிருந்திருக்கேன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது.

"மன்றத்துல கேட்டா என்ன சொல்றது, ராஜாத்தி?"

"பேனுன்னு சொல்லிடுங்க. கொழந்தைகிட்டேர்ந்து ஒட்டிக்கிட்டுது, பொல்லாத பேன், மருந்துக்கு அடங்கலை, மொட்டையடிச்சும் முழுசாப் போகலைன்னு நானே தெரு பூரா சொல்லிடறேன். உங்க கொள்கைக்கு ஒரு கொறையும் வராது."

என்ன இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதான்னு நெகிழ்ந்துபோயிட்டேன். அவளும் சொன்ன மாதிரியே, ஒரு வீடு விடாம சொல்லிட்டா.

மறுநாள் ஆட்டத்துக்கு வைரக்கண்ணு கால்ல துணியைச் சுத்திக்கிட்டு வந்தான். தியாகராசன் கொல்லைப் பக்கமாச் சுவரேறிக் குதிச்சு வந்தான். ரெண்டு பேரும் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னானுங்க. ஜெயிச்சோம். மிராசுதாரும் செங்கொடிக்காரரும்கூட ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் குதிச்சாங்க. என்னைச் சுத்தி மட்டும் எட்டடிக்கு ஒரு ஆள் இல்ல.